ஆறு புள்ளி ஆறு

பயிற்சியில் இரண்டே நாள் சொல்லிக் கொடுத்தார்கள்.
குதிகாலின் பின்விளிம்பில் தொடங்கி
நீண்ட விரலின் நுனிவரை ஸ்கேல் வை.
வருகிற சென்டிமீட்டரை
ஆறு புள்ளி ஆறால் பெருக்கு.
ஆள் எழுந்து நிற்பான்.

அன்றிரவு விடுதிக் குளியலறையில்
என் காலை அளந்தேன்:
இருபத்து மூன்று புள்ளி நான்கு.
பெருக்கினால் நூற்று ஐம்பத்து நான்கரை.
தேர்வு மைதானத்தில் என்னைக் கம்பத்தோடு நிறுத்தி
நூற்று ஐம்பத்தொன்பது என்று எழுதியவர்
குனிந்து காலைப் பார்த்திருந்தால்
இந்நேரம் பரமக்குடியில்
பத்திரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

வேதாளைக் கரை. ஆடி.
கச்சான் அடித்துப்
பல்லில் மணல் நறநறக்கிற காலை.
உடைமரப் புதருக்குள் நாலு சாக்கு
அவித்துக் காயவைத்த கடல் அட்டை.
புதரிலிருந்து தண்ணீர்வரை
ஒரே ஒரு காலடி வரிசை.
"வெள்ளம் ஏறுறதுக்குள்ள அளந்துரு திலகராணி"
என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார் எஸ்.ஐ. அருளானந்து.

முழங்காலிட்டேன்.
பிளாஸ்டர் இறுகுமுன் கடல் வந்துவிடும்.
ஸ்கேலும் போனில் ஒரு படமும்தான்.
இருபத்து நாலு புள்ளி எட்டு.
விரல்தடம் இல்லை; குதிகால் ஆழம்.
எழுதினேன்:
ஆண். கனத்த உடல்.
உயரம் நூற்று அறுபத்து நாலு.
எதிர்க்காற்றில் நடந்தால்
யாருக்கும் குதிகால் கனக்கும் என்பது
அப்போது தோன்றவில்லை.

பதினோரு மணிக்குப் பாசி எடுத்துத் திரும்பினார்கள் பெண்கள்.
இடுப்புவரை நனைந்து, விரலெல்லாம் துணிச்சுற்று,
கூடையில் மரிக்கொழுந்துப் பாசி சொட்டச் சொட்ட.
ஒருத்தி நின்றாள். சேதுபாக்கியம்.
நான் கல் வைத்துக் காத்திருந்த கடைசித் தடத்தைப் பார்த்தாள்.
"அது என் காலுல்ல."
பாதத்தைத் தூக்கிக் காட்டினாள்.
பாருக் கல் கிழிக்காமலிருக்க
பழைய சேலையைச் சுற்றி
முன்னால் ஒரு முடிச்சு.

புதருக்குள் எதற்குப் போனாய் என்று
பாதி கேட்டு நிறுத்திக்கொண்டேன்.
விடியுமுன் ஒரு பெண்
உடைமரத்துக்குப் பின்னால் எதற்குப் போவாள்.
நானும் இந்தக் கரையில்தான் டியூட்டி பார்க்கிறேன்.
"சாக்கு கெடந்துச்சு. யாரு பாவமோன்னு
பேசாமத் தண்ணியில எறங்கிட்டேன்."

உயரத்தைச் சொன்னேன்.
நான்கைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.
"தலையில கூடை இருந்துச்சு தாயி,
அதையும் சேத்தா கணக்குப் போட்டீக?"

அவளை நிறுத்தி அளந்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு.
கூடை பதினாறு.

இரண்டையும் எழுதி, கூட்டி, கையெழுத்திட்டேன்.
எஸ்.ஐ. கூடையை அடித்தார்,
சேலைத் துணியை அடித்தார்,
சேதுபாக்கியத்தையும் அடித்தார்.
மிஞ்சியது நூற்று அறுபத்து நாலு.
அந்த ஆண் இன்னும் கோப்பில் நிற்கிறான்,
கனத்த உடலோடு, விரல் இல்லாமல்.
மரைக்காயர்பட்டினம்வரை தேடிவிட்டோம்.

இப்போதெல்லாம் இரவு ரோந்தில்
பூட்ஸ் போட்டுத்தான் மணலில் நடக்கிறேன்.
எனக்கு ஒரு சைஸ் பெரிதாகவே கொடுத்திருக்கிறார்கள்.
இருபத்தேழு சென்டிமீட்டர்.
டார்ச்சைத் திருப்பி அடித்தால்
நூற்று எழுபத்தெட்டு உயரத்தில் ஒருவன்
என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறான்.