நாற்பது சென்டிமீட்டர்

இன்வெர்ட்டர் எங்கள் கூடத்தில் தொங்குகிறது,
கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணிக்கு ஒரு சாண் மேலே.
வேலையிலிருந்து வந்ததும் நபீஹ்
என் முகத்தைப் பார்ப்பதில்லை.
"எழுபத்தொன்று" என்கிறான் சுவரைப் பார்த்து.
நலமா என்று கேட்டதாக
நானும் எடுத்துக்கொள்கிறேன்.

காரை விற்று வாங்கிய வெயில் இது.
ஆறு பலகை, ஒரு பேட்டரி,
மீதிக் காசில் ஆளுக்கொரு ஜோடிச் செருப்பு.
இனி நடக்க வேண்டுமே.

துணி துவைப்பது பதினொன்றுக்கு.
இஸ்திரி பன்னிரண்டுக்குப் பிறகு.
இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது:
ஓர் உறையில் இரு கத்தி.
குளிர்பெட்டிக்கு எப்போதும் அனுமதி உண்டு,
அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
யோசிப்பவர்களுக்கு இல்லை.
கெட்டில்...
கெட்டிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டை.
மூன்று நிமிடத் தேநீருக்கு இரண்டாயிரம் வாட்!
ஒருநாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி
சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.
மறுநாள் நபீஹின் சட்டைக் கை வெள்ளையாக இருந்தது.

ஜெனரேட்டர்காரனின் கம்பியை அறுத்த அன்று
அவன் கேட்டான்: "குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள்?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

ஜனவரியில் தெரிந்தது.
மழை இல்லை. மழையைப் பொறுத்துக்கொள்ளலாம்,
அது திரிபோலி முழுக்கப் பெய்கிறது.
மதியம் ஒன்றே முக்காலுக்கு
நான்காம் மாடி மதாம் லோரிஸின் தண்ணீர்த் தொட்டி
மொட்டை மாடியில் தன் நிழலை நீட்டி
எங்கள் மூன்றாவது பலகையில் தலைவைத்துப் படுக்கும்.
ஒரு மூலைதான்.
வரிசையில் ஒருவன் நொண்டினால்
வரிசையே நொண்டுகிறது.
சுவரில் எண் சரியும்:
ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆயிரத்து நூறு. அறுநூற்று நாற்பது.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
எனக்கு வெயிலின் அருமை
ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் நிழலில் தெரிந்தது.

"நிழல் என்னுடையதா? சூரியனைப் போய்க் கேள்" என்றாள்.
"தொட்டி உங்களுடையதுதானே?"
"தொட்டி முப்பது வருடமாக அங்கே நிற்கிறது.
உன் கண்ணாடிகள் நேற்று வந்தவை."
உண்மைதான்.
அதனால்தான் ஆறு வாரம்
படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு செவ்வாய் இரவு, கதவில் தட்டும் ஓசை.
எங்கள் அழைப்பு மணி வேலை செய்யும்,
அவள் அதை நம்பவில்லை.
கையில் ஒரு கோழி, பனி உருகி
முழங்கை வழியே சொட்டியது.
காலடியில் இரண்டு பைகள்:
வியாழக்கிழமை மான்ட்ரியலில் இருந்து வரும் மகனுக்காக
உருட்டி உறையவைத்த தொண்ணூறு கிப்பே.
தெருவின் ஜெனரேட்டர் மதியமே படுத்துவிட்டது.

அவள் எதுவும் கேட்கவில்லை.
உறைபெட்டியில் இருந்த கீரைக் கட்டிகளை
வெளியே எடுத்து வைத்தேன்.
சுவரில் முப்பத்தெட்டு.
நபீஹ் எழுந்தான்,
விளக்கை அணைத்தான், ரௌட்டரை அணைத்தான்,
டிவியின் முன் கொஞ்சம் நின்றான்
(எழுபதாவது நிமிடம், ஆட்டம் சமநிலை),
அதையும் அணைத்தான்.
இருட்டில் மூவரும் நின்று
குளிர்பெட்டி முனகுவதைக் கேட்டோம்.

சனிக்கிழமை அவள் மகன் ஃபாதி
தூக்கக் கண்களோடு மாடியேறி வந்து
தொட்டியைக் காலிசெய்தான்.
நபீஹும் அவனும் தள்ளினார்கள்.
நாற்பது சென்டிமீட்டர். அதற்கு மேல் குழாய் வரவில்லை.
போதாதுதான்.
நிழல் இப்போது இரண்டரைக்கு வருகிறது.

புதன்கிழமைகளில், ஒன்றே முக்கால் ஆனதும்,
படிக்கட்டுக்குள் ஒரு குரல் ஏறி வரும்:
"எவ்வளவு?"
"தொண்ணூற்று நான்கு" என்பேன் கைப்பிடிச் சுவரில் எட்டி.
இஸ்திரிக்கான கூடையோடு வருவாள்.
போன வாரம் கூடைக்குள்
அவளுடைய பழைய கெட்டிலும் இருந்தது.
"உன்னுடையதை விடச் சின்னது,
கொஞ்சமாகத்தான் தின்னும்" என்றாள்.

அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன்.
இரண்டாயிரத்து இருநூறு.
மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தேன்.