கறுப்புக் கணக்கு

ஒரு வரிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு பிக்சல்.
இடது ஓரத்தில் இன்னும் அறுபத்து நான்கு,
தலைக்கு மேல் அலுமினியக் கூரையோடு.
உருவான நாள் முதல் வெளிச்சம் கண்டதில்லை.
இருட்டு இன்றைக்கு எவ்வளவு என்று சொல்வது
அவற்றின் வேலை.

சிலிக்கான் சும்மா இருக்காது.
ஒளியே படாவிட்டாலும்
சூட்டில் எலக்ட்ரான் கசிந்துகொண்டிருக்கும்,
விளக்கு எரிய எரிய இன்னும் கொஞ்சம்.
ஓரத்து அறுபத்து நான்கும் வரிக்கு வரி
‘ஒன்றுமில்லை என்பதற்கு இப்போது இவ்வளவு’
என்று அறிவிக்க,
மற்றவை தம் எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளும்.
எழுத்து கறுப்பாவது இப்படித்தான்.

கிரெனோபிள், ஜனவரி.
பள்ளத்தாக்குக்கு மூடி போட்டதுபோல் மூடுபனி.
பெல்தோன் மலைத்தொடர் மூன்று வாரமாக இல்லை.
எங்கள் சோதனை அறைக்கு ஜன்னலும் இல்லை என்பதால்
அதைப் பற்றி மதிய உணவின்போது மட்டும் பேசிக்கொண்டோம்.

லூனிஸ் சோதனைக்கு எடுத்து வந்தது
ஒரு கையுறைத் தொழிற்சாலையின் அடையாள அட்டை, 1931.
பழம்பொருள் சந்தையில் இரண்டு யூரோ.
வெள்ளை அட்டை, நடுவே புகைப்படம்:
கறுப்புக் கோட்டில் ஒரு பெண். தையல் பிரிவு.
கண்ணால் பார்த்தால் கோட்டில் ஐந்து பித்தான்கள்.
ஸ்கேனில் ஒன்றுகூட இல்லை,
கழுத்திலிருந்து இடுப்புவரை மைக்குட்டை.

விளக்கை மாற்றினோம்.
லென்ஸைச் சந்தேகித்தோம்,
லென்ஸ் அனுப்பியவர்களுக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட்டோம்,
பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொன்று.
ஐந்தாம் நாள் லூனிஸ் கழற்றிப் போட்ட கம்பளிக் கையுறையின்
ஒரு விரல்
அட்டையின் இடது விளிம்புக்கு அடியில் சிக்கிக்கொண்டது,
வெள்ளை ஓரத்தை மறைத்தபடி.

பித்தான்கள் வந்துவிட்டன.

கையுறையை இழுத்தான். போய்விட்டன.
வைத்தான்.
அவன் என் பக்கம் திரும்பவில்லை,
அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கூரையை வரைந்தவள் நான்.
செப்டம்பர், வெள்ளிக்கிழமை, ஆறே முக்கால் ட்ராம்.
நாற்பது மைக்ரான் மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
கண் திறந்தவற்றுக்கும் கண் கட்டியவற்றுக்கும் நடுவே
யாரும் வாசிக்காத எட்டு பிக்சல்கள் இருந்தன.
வேலை இல்லாதவைதானே என்று
எட்டையும் அழித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அட்டையின் வெள்ளை,
உலோக அடுக்குகளில் பட்டுத் தெறித்து
கதவிடுக்கில் புகுவதுபோல்
கூரைக்கு அடியில் போயிருக்கிறது.
முதல் மூன்று பிக்சல்கள்
இருட்டைக் கூட்டிச் சொல்லியிருக்கின்றன.
எல்லோரும் கூடுதலாகக் கழித்திருக்கிறார்கள்.
பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமாம்.
இங்கே மூடிய கண்
மயிரிழை திறந்ததில்
ஒரு பெண்ணின் மார்பு முழுக்க இருண்டுபோயிற்று.

கொன்னே கேட்டார்: புது மாஸ்க் எவ்வளவு?
சொன்னேன்.
“இருட்டுக்கா?”
“இருட்டுக்குத்தான்.”
யார் அழித்தது என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம். சொல்லத் தயாராக வந்திருந்தேன்,
நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

மே மாதம் இரண்டாவது தகடு வந்தது.
பெல்தோனும் திரும்பியிருந்தது, தோளில் மட்டும் பனியோடு.
எட்டும் தம் இடத்தில் இருந்தன,
வெளிச்சத்தையும் சொல்லாமல் இருட்டையும் சொல்லாமல்
நடுவில் நின்று வாங்கிக்கொண்டு.
லூனிஸ் அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.
வெறுங்கை.

ஐந்து பித்தான்கள்.
நான்கில் இரண்டிரண்டு துளை.
கடைசிப் பித்தானில் மட்டும் நான்கு துளை,
வேறெந்தக் கோட்டிலிருந்தோ
அவசரத்துக்குப் பிடுங்கித் தைத்தது.
இத்தனை நாள் அட்டையைக் கையில் வைத்திருந்தும்
இருவரும் அதைக் கவனித்ததில்லை.

லூனிஸ் பெரிதாக்கினான்.
தையல் பிரிவுப் பெண்.
நூல் வெள்ளை.