எண்ணி வைத்த பூக்கள்

வெள்ளிக்கிழமை லொறியில் வரும் பெட்டிக்குள்
இருபத்தைந்து பூ.
ஈரக் கடதாசி மேல், ஒன்றையொன்று தொடாமல்.
ஹோட்டலில் சலாட் மேசை என்னுடையது.
தட்டுக்கு இரண்டு.
மூன்று வைத்தால் கணக்குப் புத்தகத்தில் என் பெயர்.

நஸ்டர்டியம்.
முதல் மாதம் இதைச் சொல்ல
நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.
தின்னலாம் என்றார்கள்.
தின்ற ஆளை நான் கண்டதில்லை.
திரும்பி வரும் தட்டுகளின் ஓரத்தில்
மயோனீஸ் பூசிக்கொண்டு
அப்படியே கிடக்கும், செம்மஞ்சளாய்.
வாளிக்குள் தட்டுவதும் நான்தான்.

நுவரெலியாவிலிருந்து லொறி ஓட்டிவரும்
மருதவீரன் அண்ணனிடம் கேட்டேன்.
அடுத்த வெள்ளி
பழைய லொத்தர் சீட்டில் மடித்துத் தந்தார்
ஒன்பது விதை.
சுண்டங்காய் வற்றல் மாதிரி, சுருங்கி, இலேசாய்.
"கொழும்புச் சூட்டுக்கு ஆகாதுதான் தம்பி.
இருந்தாலும் போட்டுப் பாரு.
ராத்திரி முழுக்க ஊற வச்சிரு."

யன்னலோரம் கிளாசில் ஊறவைத்தேன்.
நடுச்சாமம் வெக்கையில் எழும்பிய அருமைச்செல்வன்
இருட்டோடு இருட்டாய்
மடமடவென்று குடித்துவிட்டான்.
விடிய அடியில் தேடி எண்ணினேன்: எட்டு.
"வயிற்றுக்குள் முளைத்தால்
அவனும் வாடகை தரவேண்டும்" என்றான்.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி, ஐந்தாம் தட்டு.
துறைமுகப் பாரந்தூக்கிகள் தெரிகிற பக்கம்.
பால்மா டின், ஆணியால் மூன்று ஓட்டை,
விரலின் முதற்கணு ஆழத்தில் எட்டுக் குழி.
முளைக்கிறபோது வெளிச்சம் ஆகாதாம்,
மேலே ஒரு கடதாசி மட்டை.
பத்தாம் நாள் மட்டை ஒரு பக்கம் உயர்ந்திருந்தது.
ஐந்து.

ஐந்துக்கும் நான் குறை வைக்கவில்லை.
மீன் கழுவிய தண்ணீர். தேயிலைச் சக்கை.
முட்டைக்கோது இடித்த தூள்.
இலை வந்தது பாருங்கள்,
சோசர் அகலத்தில், ஆளை ஆள் தள்ளிக்கொண்டு,
மழைத்துளியை உள்ளே விடாமல்
மணியாக உருட்டி விளையாடிக்கொண்டு.
பூ மட்டும் இல்லை.

மருதவீரன் அண்ணன் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தார்.
"சோத்தப் போட்டுச் சோம்பேறி ஆக்கிட்டியே.
பட்டினி போடு. அப்பதான் பூக்கும்."

எனக்குக் கை வரவில்லை.
பட்டினியில் பூத்த ஆள் ஒருவரையும்
எனக்குத் தெரியாது.
நான் இருந்த முகாமில் அப்படி யாரும் பூக்கவில்லை.
இரண்டு கிழமை யோசித்தேன்.
பிறகு எதிரே கட்டுகிற கட்டடத்துக் காவலாளியிடம்
ஒரு பை மணல் கேட்டு வாங்கி
மூன்றை அதில் மாற்றினேன்.
இரண்டை விட்டுவிட்டேன், தின்னட்டும் என்று.

அந்த இரண்டின் இலையைத்தான்
பக்கத்து வீட்டு மெடில்டா அக்கா கண்டுபிடித்தார்.
"வல்லாரைக்குச் சொந்தமோ இது?"
கிள்ளி மென்று, கண்ணைச் சுருக்கி,
ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டு போனார்.
தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், மாசி, தேசிக்காய்.
சம்பல் வந்தது, பச்சை மிளகாய் இல்லாமலே உறைப்பாக.
சோறு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டோம்.

மார்கழியில், இரவுக்காற்று கொஞ்சம் இரங்கிய நாட்களில்,
மணலில் நின்ற ஒல்லிக் கொடியில்
மொட்டு.
காலையில் வேலை முடிந்து வந்தபோது விரிந்திருந்தது.
எண்ணினேன். ஒன்று.
பழக்கதோஷம்.

பெட்டியில் வருகிறவற்றைவிடச் சின்னது,
ஒரு இதழை எதுவோ கடித்திருந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு வாயில் போட்டேன்.
முதலில் ஒன்றுமில்லை, வெறும் ஈரம்.
அடுத்தது கடுகு வெடித்தது போல் மூக்கு வரைக்கும் ஏறியது.
கடைசியில் வாலுக்குள்
யாரோ ஒளித்துவைத்த ஒரு துளி இனிப்பு.

இதையா
தட்டோரம் ஒதுக்கினீர்கள்?

இன்றைக்கு இரண்டாவது பூ.
அருமைச்செல்வனுக்குக் கொடுத்தேன்.
மென்றான். இருமினான். கண்ணில் தண்ணீர்.
வயிற்றைத் தட்டிச் சொன்னான்:
"டேய், கொஞ்சம் தள்ளி இரு.
உன்ர தங்கச்சி வாறாள்."