தள்ளுபடி

சான்டா ரூஃபினாவில் பேசினாலே மூச்சு வாங்கும்,
நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரம்.
லிமாவிலிருந்து போனவன் நான்.
கோகா இலையை மென்று தலைவலியை அடக்கிக்கொண்டு
வீடுகளை எண்ணினேன்.
ஊர் நடுவில் குழி என்றார்கள்.
குழியின் விளிம்பில் ஊர் என்பதே சரி;
மூன்று தெருக்களும் ஒரு தேவாலயமும்
ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தன.

என் வேலை விலை போடுவது.
மண்சுவருக்கு இவ்வளவு.
செம்மறிக்கு ஒரு விலை, சினைச் செம்மறிக்கு ஒன்றரை.
ஹெர்மெலிந்தா யௌரியின் கூரைத் தகரத்தில்
அதே குழியின் துத்தநாகப் பூச்சு;
தேய்மானம் கழித்துக் குறித்துக்கொண்டேன்.
அவள் ஒரு தாளை நீட்டினாள்.
மகள் நெய்டா, வயது ஆறு,
இரத்தத்தில் ஈயம், டெசிலிட்டருக்கு முப்பத்தொன்று மைக்ரோகிராம்.
"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?"
கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பென்சிலால்.

சுகாதார நிலையச் சுவரில் கம்பெனியின் சுவரொட்டி:
சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்,
ஈயத்தைத் தவிருங்கள்.
குழாயில் தண்ணீர் செவ்வாயும் சனியும், ஒரு மணி நேரம்.
மற்ற நேரம் அது தாதுவைக் கழுவப் போகிறது.
முதலில் கை கழுவியது யார் என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.

மாகாண நீதிமன்றத்தில் என் அறிக்கையை நானே படித்தேன்.
பதினாறாம் பக்கம்: நிலம், சதுர மீட்டருக்கு நூறு சோல்.
நாற்பதாம் பக்கம்: எதிர்காலப் பாதிப்பு,
தள்ளுபடி விகிதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம்.
அதாவது, முப்பது வருஷம் கழித்து
ஒருத்தி இழக்கப்போகும் நூறு சோல்
இன்றைய கணக்கில் மூன்று சோல் முப்பத்து நான்கு சென்டிமோ.
கூட்டலில் பிழை இல்லை.
இப்போதும் சில இரவுகளில் போட்டுப் பார்க்கிறேன்,
அதே விடைதான்.
நெய்டாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.
பத்தியின் கடைசியில், சிறிய எழுத்தில்.

ஹெர்மெலிந்தா எழுந்து கெச்சுவாவில் பேசினாள்.
மொழிபெயர்ப்பாளர் இருமிவிட்டுச் சொன்னார்:
"முப்பது வருஷம் கழித்து வருவது இவ்வளவு மலிவென்றால்
எனக்கும் விற்கட்டும்.
அந்த மலையில் ஒரு சதுர மீட்டர்,
என் மகள் நிற்கிற அளவு.
இப்போது வேண்டாம்.
முப்பது வருஷம் கழித்துத் தந்தால் போதும்,
மேலே இருக்கும் காற்றோடு,
கீழே இருக்கும் எல்லாவற்றோடும்."
பாவாடை மடிப்பிலிருந்து இரண்டு நாணயங்களை எடுத்து
மேசைமேல் வைத்தாள். நான்கு சோல்.
"மீதி கொடுங்கள். ரசீதும்."

கம்பெனி வக்கீல் சிரித்தார்.
நீதிபதி சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
அந்தக் குளிரிலும் எனக்கு மட்டும் வியர்த்தது.
விலை நான் போட்டது. காசும் சரியாக இருந்தது.
விற்க முடியாது என்று சொல்ல
என் சூத்திரத்தில் எங்கும் இடமில்லை.

வழக்கு தள்ளுபடி.
பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம்.

நாணயங்களை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.
மேசையைத் துடைத்த ஊழியர் என் பக்கம் தள்ளி
உங்களுடையதா என்றார்.
ஆம் என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்கு அறுபத்தாறு சென்டிமோ தர வேண்டும்.
எங்கள் நாட்டில் ஒற்றைச் சென்டிமோ அடிப்பதை
எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.
எழுபதாகவே கொடுத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை.
கொடுத்தால்
ரசீது கேட்பாள்.