புறநோயாளி

ஊனாவிலிருந்து டையூ போன பஸ்ஸில்
என்னைத் தவிர எல்லோரும் குடிக்க வந்தவர்கள்.
சோதனைச் சாவடி தாண்டியதும்
ஒருவர் கைதட்டினார்,
விமானம் தரையிறங்கியதுபோல.
மாதாகோயில்கள் பார்க்க வந்தேன் என்றதும்
நடத்துநர் என் டிக்கெட்டை வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் முதலில் கடல்தான் இழுத்தது.
கரையெல்லாம் ஹோக்கா மரங்கள்.
பனைதான்,
இடுப்பில் இரண்டாகி
தோளில் நான்காகி
விரல் விரித்து நின்றது.
பனை கிளைக்காது என்று
நாற்பது வருடம் சந்தேகமின்றி வாழ்ந்துவிட்டேன்.
அண்ணாந்தபடி பின்னால் நகர்ந்தேன்,
பின்னால் பாறை,
பாறையில் சிப்பி.
குதிகால் பிளந்தது.
அலை வந்து பார்த்துவிட்டு
கொஞ்சம் சிவப்போடு திரும்பிப் போனது.

மாவ்ஜி என்ற ஆட்டோக்காரர்
தன் துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டார்.
மேட்டில் ஏறி
வெள்ளை முகப்பு, மேலே சிலுவை,
ஒரு கோயில் வாசலில் நிறுத்தினார்.
"முதலில் ஆஸ்பத்திரி" என்றேன்
என் உடைந்த இந்தியில்,
"கோயில் அப்புறம்."
"இதுதான்" என்றார்
இரண்டுக்கும் சேர்த்து.

பீடம் இருந்திருக்கவேண்டிய இடத்தில்
உறுமிக்கொண்டு ஒரு ஃபிரிட்ஜ்.
வளைந்த கூரையின் கீழே
ஒவ்வொரு இருமலும்
இரண்டு தடவை கேட்டது.

செவிலி எர்மெலிந்தா தரையில் அமர்ந்து
என் காலை மடியில் வாங்கிக்கொண்டாள்.
டெட்டால் கலந்த வெந்நீர்.
எனக்குத் தோன்றியதை நான் சொல்லவில்லை,
அவளே சொன்னாள்:
"பெரிய வியாழன் அன்றைக்கு
எங்கள் ஃபாதருக்குப் பன்னிரண்டு பேர் சேர்வதில்லை.
ஒன்பது ஆண்கள்தான் மிச்சம்.
அதனால் மூன்று பேருக்கு மட்டும்
இரண்டு காலையும் கழுவிக் கணக்கை முடித்துவிடுவார்."

பிறகு நோட்டைத் திறந்தாள்.
எப்படி ஆயிற்று?
மேலே பார்த்துக்கொண்டு நடந்தேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் லக்கம்,
படகுத் தளத்தில் வழுக்கி விழுந்தவன்,
தொடைவரை மாவுக்கட்டு.
ஃபோனை நீட்டினான்: லெஸ்டரில் அவன் மகன்,
சாண்ட்விச் தொழிற்சாலைத் தொப்பியோடு,
மீசையில் பனித்தூள்.
லக்கத்தின் அப்பா பிறந்தபோது
இங்கே போர்ச்சுகீசியர் ஆட்சி.
அந்தப் பிறப்புச் சான்றிதழ்
தகரப்பெட்டியில் ஐம்பது வருடம் தூங்கி
ஒருநாள் எழுந்து லிஸ்பனுக்குப் போய்
பாஸ்போர்ட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.
ஊரில் பாதி வீடு பூட்டுதான் என்றான்.
பெருமையா வருத்தமா, தெரியவில்லை.
பூட்டு நல்ல பூட்டு என்றும் சொன்னான்.

"உங்களை யார் ஆண்டார்கள்?"
"ஆங்கிலேயர்கள்."
"பாஸ்போர்ட் கொடுத்தார்களா?"
"இல்லை."
"ஒன்றுமேவா?"
"ஒன்றுமே."
கட்டுப்போட்ட தன் காலையும்
கட்டுப்போட்ட என் காலையும் பார்த்துவிட்டு
என்னைத்தான் பாவமாகப் பார்த்தான்.

ஊசி போட்டாள். உள்ளே ஏதோ மணி அடித்தது,
அடுத்த நோயாளிக்கு.
சீட்டில் என் பெயரில் இரண்டு எழுத்து
இடம் மாறியிருந்தது.
ஊர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

மற்ற கோயில்களைப் பார்க்கவில்லை.
தெருமுனையில் ஒன்று தெரிந்தது,
படி அதிகம். இன்னொன்று மியூசியம்,
சாயங்காலம் மூடிவிட்டார்கள்.
கடலை ஆட்டோவிலிருந்தே பார்த்துக்கொண்டேன்,
செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

கடைசி பஸ்.
நான் நொண்டி நொண்டி ஏறியபோது
காலையில் கைதட்டியவர்
தள்ளாடி எழுந்து
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
நடத்துநரின் முகத்தில் முதல் தடவையாக
என்னைப் புரிந்துகொண்ட வெளிச்சம்.
"பழக்கமில்லை போல" என்று இடம் கொடுத்தார்கள்,
தண்ணீர் கொடுத்தார்கள்,
ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.
"எந்தக் கடை?" என்று கேட்டார்
முழங்கைக்காரர்.

மேட்டின் மேலே
விளக்கு எரிந்த வெள்ளைச் சுவரைக் காட்டினேன்.

"அங்கேயுமா" என்றார் ஆச்சரியத்தோடு,
"அங்கேயுமா கிடைக்கிறது?"