மிதித்த கிழங்கு

பேருந்து இறக்கிவிட்ட பொலிவிய மேட்டில்
ஊர் என்று சொல்ல ஒரு நாய்தான் இருந்தது.
அதுவும் குரைக்கவில்லை.

வயல் முழுக்க உருளைக்கிழங்கு பரப்பியிருந்தார்கள்,
இரவுக் குளிரில் உறையட்டுமென்று.
விடிந்ததும் செவெரினா என் கேமராவைப் பார்த்தாள்,
பிறகு பூட்ஸை.
கழற்று என்றது கை.

வெறுங்காலோடு ஏறி மிதித்தேன்.
தோல் வழுக்கிக் கழன்றது;
விரலிடுக்கில் ஐஸ் தண்ணீர் பீறிட
நான் குதித்த குதியில்
அடுத்த குவியலை மிதித்துக்கொண்டிருந்த எலியோதோரோ
தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான்.

அப்புறம் மத்தியானம் வரை யாரும் பேசவில்லை.
எங்கோ ஒரு லாமா தும்மியது.

கிளம்பும்போது போன வருஷத்துக் கிழங்கு ஒன்றை
உள்ளங்கையில் வைத்தாள்.
கல் மாதிரி. கனமே இல்லை.
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்:
அத்தனை வருஷம் கெடாதாம்.

அப்போது எனக்கு
அறுபத்தெட்டு ஆகியிருக்கும்.