நானூறு சதவீதம்

சத்துவாச்சாரி, மாடி அறை ஜன்னலோரம்.
காலை எட்டேகால் வெயில். ஃப்ளாஷ் இல்லை.
எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்தான்
இடக்கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம்
கடன் கொடுத்தது.

"மாப்பிள வீட்டுக்குப் போறது தம்பி,
கலர் ஏத்திடு" என்றார் எத்திராஜுலு.
ஏற்றவில்லை.
நிழலை மட்டும் அரை ஸ்டாப் தூக்கினேன்.
பரு போனது.
நெற்றியில் வேர்வையோடு ஒட்டிய முடி
இருக்கட்டும், வேலூர்தானே.

கண்ணைக் கூராக்க
நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
கருவிழிக்குள் ஜன்னல் கம்பி,
நான், என் கேமரா,
எனக்குப் பின்னால்
இரண்டு விரலால் தன் உதட்டை இழுத்து
சிரி சிரி என்று மிரட்டும் எத்திராஜுலு.

அவரை அழித்தேன்.
சிரிப்பு அப்படியே நின்றது,
எதற்கென்று தெரியாமல்.

கன்ட்ரோல் இசட்.

நாலு காப்பி, மேட் பேப்பர்.
பெண்ணோடு அவரும் போகிறார்
கடுகளவாய்.